உயரம் மட்டும் போதுமென்றால் நெதர்லாந்து ஜெயித்திருக்கும்

கேள்வி: லிதுவேனியாவின் மக்கள்தொகை 30 லட்சம்கூட இல்லை. அங்கிருந்து இத்தனை கூடைப்பந்து வீரர்கள் வருவதற்கு அவர்களுடைய உயரம்தானே காரணம்? சபோனிசைத் தவிர சொல்லிக்கொள்ளும்படி வேறு யார் இருக்கிறார்கள்? எங்கள் கல்லூரி அணியிலும் ஆறே கால் அடி உயரத்தில் ஒருவன் இருக்கிறான். அவனைக் கூடைக்கு அடியிலேயே நிறுத்தி ஆடியும் தோற்கிறோமே, ஏன்?
- ஒரு மாணவர், திருச்சி

பதில்: உயரம்தான் காரணமென்றால் ஐரோப்பியக் கோப்பைகளெல்லாம் நெதர்லாந்தில் குவிந்திருக்க வேண்டும். சராசரி உயரத்தில் உலகிலேயே முன்னால் நிற்பவர்கள் அவர்கள். ஜனத்தொகையும் லிதுவேனியாவைப்போல் ஆறு மடங்கு. ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் இதுவரை ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை. லிதுவேனியா 1937, 1939, 2003 என மூன்று முறை பட்டமே வென்றிருக்கிறது.

வேறு யார் என்று கேட்கிறீர்கள். ஷாருனாஸ் யாசிகெவிச்யுஸ் என்ற பெயரை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 1.93 மீட்டர், உங்கள் அணிப் பையனைவிட ஓர் அங்குலம் கூடுதல், அவ்வளவுதான். அவர் ஆடியது பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவராக. பார்சிலோனா, மக்காபி டெல் அவிவ், பனாத்தினாய்க்கோஸ் என மூன்று கிளப்புகளோடு நான்கு முறை யூரோலீக், அதாவது ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியை வென்றவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் லிதுவேனியா அமெரிக்காவை 94-90 என வீழ்த்திய ஆட்டத்தில் 28 புள்ளிகள் அவருடையவை. அடுத்தவர் ஷாருனாஸ் மார்ச்சுலியோனிஸ், 1.96 மீட்டர், இடதுகைக்காரர். சோவியத் யூனியனிலிருந்து அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போய் நிலைத்து ஆடிய முன்னோடிகளில் ஒருவர். இன்று பள்ளிப் பிள்ளைகள்கூட முயன்று பார்க்கும் ‘யூரோ ஸ்டெப்’பை அமெரிக்க ரசிகர்களுக்குப் பழக்கியவர் அவர்தான். பந்தை இரண்டு கையாலும் அள்ளியதும் முதல் அடியை ஒரு பக்கம் அகலமாக வைத்து, தடுப்பவர் அந்தப் பக்கம் சாய்ந்ததும் இரண்டாம் அடியை எதிர்ப்பக்கம் வைத்துக் கூடைக்கு ஏற வேண்டும். நம் பையன்கள் முதல் அடியைக் குறுக்கிவிடுகிறார்கள். தடுப்பவர் அசையவே மாட்டார். நேராக அவர் நெஞ்சில் போய் மோதி ஃபவுல் வாங்குவதுதான் மிச்சம்.

இந்த ஆட்டம் அந்த மண்ணில் வேரூன்றியதில் அமெரிக்காவில் பிறந்த லிதுவேனியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்ற ஃபிராங்க் லூபின், 1939 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் லிதுவேனியாவுக்காக ஆடினார். அந்தப் போட்டிக்கென்றே கௌனாஸ் நகரில் ஓர் அரங்கம் கட்டினார்கள். லாட்வியாவை ஒரே ஒரு புள்ளியில், 37-36 என வென்றார்கள். மறு ஆண்டே நாடு சோவியத் யூனியனுக்குள் போய்விட்டது. அதன்பின் கௌனாசின் ஜல்கிரிஸ் கிளப்தான் அவர்களுக்குக் கொடி. 1410இல் லிதுவேனியாவும் போலந்தும் சேர்ந்து, ஜெர்மானிய மதவீரர்களின் டியூட்டானியப் படையைத் தோற்கடித்த போரின் பெயர் அது. அந்தக் கிளப் 1985, 86, 87 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மாஸ்கோவின் ராணுவ அணியைத் தாண்டி சோவியத் பட்டத்தை எடுத்தது. அதை வெறும் விளையாட்டுச் செய்தியாகப் படித்துக் கடந்துவிடாதீர்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை அரையிறுதியில் 82-76 என வீழ்த்தித் தங்கம் வென்ற சோவியத் அணியில் சபோனிஸ், மார்ச்சுலியோனிஸ், குர்டினைடிஸ், ஹொமிச்யுஸ் ஆகிய நால்வர் லிதுவேனியர்கள். சொந்தக் கொடியோடு வந்த 1992 ஒலிம்பிக்கில் இதே நால்வரும் வெண்கலம் வென்றார்கள். 1996லும் 2000லும் நாட்டுக்கு மறுபடியும் வெண்கலமே கிடைத்தது.

இப்போது சபோனிஸ். 2.21 மீட்டர் என்பதை மட்டும் பார்க்கிறவர்கள் அவரைப் பாதிகூடப் பார்க்கவில்லை. 1986இல் என்பிஏவின் போர்ட்லண்ட் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் போய்ச் சேர்ந்தது 1995இல். இடையில் குதிகால் தசைநாண் அறுந்து, வேகமும் துள்ளலும் போய்விட்டன. முப்பது வயதைக் கடந்த, ஓட முடியாத அந்த மனிதர் என்பிஏவில் ஏழு பருவம் நின்றதற்குக் காரணம், பந்தை எங்கே, எப்போது அனுப்புவது என்று தெரிந்திருந்ததுதான். கூடைக்கு எதிரே இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று, வெட்டி ஓடும் சக ஆட்டக்காரரின் கைக்கு ஒற்றைக் கையால் பந்தைப் போடுவார். மகன் டொமாண்டாசும் அதே வழிதான்: 2023-24 என்பிஏ பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 13.7 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 8.2 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடை போட வழிசெய்யும் பாஸ்). கூடையருகே ஆடும் சென்டருக்கு எட்டு அசிஸ்ட் என்பது பல அணிகளின் கார்டுகளுக்கே எட்டாத கணக்கு.

உங்கள் அணி தோற்கும் காரணமும் இதற்குள்தான் இருக்கிறது. பையன் கூடைக்கு அடியில் நின்றால் அவனைக் காக்கும் ஆளும் அங்கேயே நிற்பார். உள்ளே புகும் உங்கள் கார்டுகளுக்கு வழி அடைபடும். உங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது கூடைக்கு முன்னால் கோடிட்ட கட்டத்துக்குள் அவன் தொடர்ந்து மூன்று விநாடிக்கு மேல் நின்றால் அது வேறு மீறல். அவனை ஃப்ரீ த்ரோ கோட்டின் முனைக்குக் கொண்டுவாருங்கள். பந்து அவன் கையைத் தொட்ட பிறகே பக்கவாட்டு ஆட்டக்காரர் தன் காவலரின் முதுகுக்குப் பின்னால் கூடையை நோக்கி ஓட வேண்டும். முன்னதாகவே ஓடிவிட்டால் பாஸ் போகக் கோணம் இருக்காது. தரையில் ஒருமுறை தட்டி அனுப்பும் பாஸ், தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் தட்ட வேண்டும். நடுவிலேயே தட்டினால் மெதுவாக எழும்பி எதிராளி கைக்குப் போகும்.

உயரமானவர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு: பந்தைப் பிடித்ததும் இடுப்புக்கு இறக்குவது. அங்கே குள்ளமான கார்டு தட்டிப் பறித்துவிடுவார். முகவாய் உயரத்தில், முழங்கை இரண்டும் விரிய வைத்திருக்கச் சொல்லுங்கள். வாங்கியவுடன் தரையில் தட்டத் தொடங்கவும் விடாதீர்கள். முதலில் திரும்பிக் கூடையைப் பார்க்கட்டும். தினமும் பத்து நிமிடம் சுவரில் வலக்கையால், இடக்கையால் தனித்தனியே பாஸ் அடிக்கட்டும்.

அவன் வெளியே வந்துவிட்டால் ரீபவுண்ட் யார் எடுப்பது என்று உங்கள் பயிற்சியாளர் கேட்பார். ஓரத்திலிருந்து எறியும் பந்து தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் விழும். அந்தப் பக்கத்து ஃபார்வர்டு, எறிபவரின் கையை விட்டுப் பந்து கிளம்பும்போதே உள்ளே நுழைந்து இடம்பிடிக்க வேண்டும். பந்து வளையத்தில் பட்ட பிறகு கிளம்பினால் தாமதம்.