செங்கல்பட்டு பெரிய மருத்துவமனை: ஓய்வுபெற்ற செவிலியரிடம் கேளுங்கள்

அரசு மருத்துவமனைகளில் முப்பத்தோரு ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் விபத்துப் பிரிவு. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்; அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கூடுவாஞ்சேரி: ஜி.எஸ்.டி. சாலையில் அடிபட்டவரிடம் காப்பீட்டு அட்டை இல்லை என்றால் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். 108-ஐ அழையுங்கள். அட்டை, ஆதார், பணம், உறவினர் என்று எதற்கும் காத்திருக்காதீர்கள். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை, வரம்புக்கு உட்பட்டு, அரசே ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு.

உள்ளே வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சிவப்புக்குத்தான் எல்லோருடைய கையும் முதலில் போகும். பச்சையில் வைத்துக் காக்கவைத்தால் கோபப்படாதீர்கள். உங்கள் ஆளின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்று பொருள்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். அடிபட்டவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். நினைவு தப்பியவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நினைவோடு இருப்பவரையும் சற்று நேரத்தில் அறுவைக்காக மயக்க வேண்டியிருக்கலாம்; அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்.

சிங்கப்பெருமாள் கோவில்: ஓ.பி. சீட்டு மாலையில் கிடைக்குமா?

காலையிலேயே வாருங்கள். பழைய சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

வண்டலூர்: ஏரியை ஒட்டிய புது மனைப்பிரிவில் வீடு கட்டியிருக்கிறோம். பாம்பு நடமாட்டம் அதிகம். கடித்தால் என்ன செய்வது?

கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், பாம்பைத் தேடி அடித்துக்கொண்டும் வராதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்துக் கிளம்புங்கள். எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் மருந்து ஒன்றுதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துச் செய்த மருந்து அது. அதைத் தயாரிக்க நஞ்சு எடுத்துத் தருபவர்கள் நம் மாவட்டத்து இருளர்கள்; 1978-இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கிறது.

மருத்துவமனையில் ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் தொடாமல் வைப்போம். பிறகு மெல்லச் சாய்ப்போம். உறையாமல் தண்ணீராக வழிந்தால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் நஞ்சு ஏறியிருக்கிறது. மருந்தை ஏற்றத் தொடங்குவார்கள். உறைந்திருந்தாலும் உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். காரணம் கட்டுவிரியன். அது கடித்த இடத்தில் வலியே இல்லாமல் போகலாம். இரவில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்பார், இமை கனத்துத் தொங்கும். வலியில்லை என்று படுக்கவைத்துவிடாதீர்கள்.

மறைமலை நகர்: அப்பாவை மூன்று நாளில் ஐந்து மாணவர்கள் தொட்டுப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஏழை என்பதால் அவரை வைத்துப் பழகுகிறார்களா?

உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் சிகிச்சையை முடிவு செய்வது மாணவர் அல்ல. யூனிட் தலைவர், உதவிப் பேராசிரியர், மேற்படிப்பு மருத்துவர், பயிற்சி மருத்துவர், கடைசியில்தான் மாணவர். 1965-இல் இந்தக் கல்லூரி தொடங்கியதிலிருந்து இப்படித்தான் கற்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்பதால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

நான் வேலை செய்த ஒரு மருத்துவமனையில் கத்தரித் தோட்டத் தொழிலாளி ஒருவரை வாந்தி, வயிற்றுப்போக்கு என்று சேர்த்திருந்தார்கள். குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த மாணவி, பாடத்தில் சொன்ன வரிசை மாறாமல், "காலையில் என்ன வேலை செய்தீர்கள்?" என்று தொடங்கினாள். "மருந்தடித்தேன்" என்றார். அவள் டார்ச்சை எடுத்துக் கண்ணைப் பார்த்தாள். கண்மணி குண்டூசி முனையளவு சுருங்கியிருந்தது. குனிந்து சட்டையை முகர்ந்தாள். ஓடிவந்து, "சிஸ்டர், பூச்சிமருந்து! சாரைக் கூப்பிடுங்கள்" என்றாள். அந்த நஞ்சுக்கு மாற்று மருந்தான அட்ரோபின் ஏறியது. ஒரு வாரத்தில் அவர் நடந்து வீட்டுக்குப் போனார்.

பொத்தேரி: சிஸ்டர், நான் ஒன்று கேட்கிறேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். என் மனைவி பிரசவ வலியில் இருந்தபோது ஆறு மாணவர்கள் திரையை விலக்கி வந்து நின்றார்கள். ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. அதுவும் பாடமா?

இல்லை. அது தவறு. கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும், கேட்டுவிட்டுத்தான் திரையை விலக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்கள் மனைவிக்கு உரிமை உண்டு. அதற்காகச் சிகிச்சையைக் குறைக்கக்கூடாது.

மருத்துவ மாணவர்: எல்லோரும் மறுத்துவிட்டால் நாங்கள் எங்கே கற்பது, அம்மா?

கேட்டுப் பாருங்கள், தம்பி. பெயரைச் சொல்லி, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகளுக்கு மறுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கைரேகை தேய்ந்துபோன பாட்டிகள், "நீ நல்லா வரணும்" என்று சொல்லி வயிற்றைக் காட்டியிருக்கிறார்கள்.

பொத்தேரி: வலியில் துடிப்பவள் எப்படி மறுப்பாள்? மறுத்தால் நாளைக்குக் கவனிக்க மாட்டார்களோ என்ற பயம் இருக்காதா?

இருக்கும். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அதனால்தான் மாணவர் கேட்டால் போதாது; பேராசிரியரே, வலி முற்றுவதற்கு முன்பு கேட்க வேண்டும். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் ஒரு பெண் துணை உடனிருக்கலாம். அம்மாவோ அத்தையோ கட்டாயம் உள்ளே இருங்கள். அவள் சொல்ல முடியாததை அவர்கள் சொல்வார்கள். நடந்ததை மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள். நானே பல தடவை திரைக்கு வெளியே பேசாமல் நின்றிருக்கிறேன். நின்றிருக்கக் கூடாது.

மதுராந்தகம்: அட்டை இல்லாமல் விபத்துக்கு வந்தால் சேர்ப்பார்களா?

முதல் கேள்வியைப் படியுங்கள். சேர்ப்பார்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள்.

ஊரப்பாக்கம்: குழந்தைக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். செங்கல்பட்டுக்கே கொண்டுவரலாமா?

விளையாடுகிறது, பால் குடிக்கிறது என்றால் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். மகேந்திரா சிட்டி, ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வந்தன, 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது, ஜனமும் பெருகியது. சாதாரணக் காய்ச்சல் எல்லாம் இங்கே வந்தால் வலிப்பு வந்த குழந்தைக்குக் கட்டில் கிடைக்காது. மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே இங்கே வந்துவிடுங்கள்.

தாம்பரம்: முழங்காலுக்கு எந்தத் தனியார் மருத்துவமனை நல்லது?

அது என் வேலையல்ல.

திருக்கழுக்குன்றம்: விபத்துக்கு அட்டை...

முதல் கேள்வி, அம்மா.

அச்சிறுபாக்கம்: அட்டை பற்றி இல்லை, சிஸ்டர். அடிபட்டவர் "தாகம், தாகம்" என்று கெஞ்சினால் ஒரு வாய் கூடவா கொடுக்கக்கூடாது? பார்க்கவே முடியவில்லை.

எனக்கும் பார்க்க முடியாது. இரத்தம் போகப் போகத் தாகம் கூடும்; அதனால்தான் அப்படிக் கேட்கிறார்கள். கைக்குட்டையை நனைத்து நன்றாகப் பிழிந்து உதட்டில் ஒற்றுங்கள். இரத்தம் வழியும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.