எக்ஸ் 11 போனால் கம்ப்யூட்டரும் போகுமா?

கேள்வி: சின்ன டிடிபி சென்டர் நடத்துகிறேன். நான்கு கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் உபுண்டு 24.04. "எக்ஸ் 11-ஐ நிறுத்திட்டாங்க, இனிமே வேலண்ட்தான். நாலு மெஷினையும் மாத்தணும்" என்கிறார் சர்வீஸ் பார்ப்பவர். உண்மையா?

பதில்: அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடவில்லையே?

எக்ஸ் 11 என்பது 1987-ல் வந்த ஏற்பாடு. புரோகிராம் வரைவதைத் திரைக்குக் கொண்டுபோவது அதன் வேலை. ஒரு ஜன்னலில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டை இன்னொரு புரோகிராம் எட்டிப் பார்க்கலாம். அந்தக் காலத்து நம்பிக்கை அப்படி. அதற்கு மாற்றாக 2008-ல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கியதுதான் வேலண்ட். பழைய புரோகிராம்களுக்கு எக்ஸ்வேலண்ட் என்று ஒரு பாலம் கூடவே வருகிறது. அதனால் உங்கள் வேலை நிற்காது.

செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'அபவுட்', அதில் 'சிஸ்டம் டீடெய்ல்ஸ்' என்று போய் 'விண்டோயிங் சிஸ்டம்' என்ற வரியைப் பாருங்கள். அநேகமாக ஏற்கெனவே வேலண்ட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கே தெரியாமல். எக்ஸ் 11-ல் லாகின் செய்யும் வழியை உபுண்டு எடுத்தது 25.10 பதிப்பில்தான். உங்கள் 24.04-க்கு 2029 வரை ஆதரவு உண்டு.   இது தெரியாதவர்களை வைத்துத்தான் இப்படிப்பட்ட சர்வீஸ்காரர்கள் பிழைக்கிறார்கள்.

பின்னால் எக்ஸ் 11 இல்லாத புதிய உபுண்டுவுக்கு மாறும்போது ஒரே ஒரு சிக்கல் வரலாம். ஜிடி 710, 730 போன்ற பழைய என்விடியா கிராஃபிக்ஸ் கார்டா? அவற்றுக்கு அந்தக் கம்பெனி தரும் டிரைவர் 470-ஆம் பதிப்பைத் தாண்டாது. வேலண்ட் எதிர்பார்க்கும் வசதி 495-ல்தான் வந்தது. அப்போதும் மெஷினை மாற்ற வேண்டாம். கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டிலேயே மானிட்டர் சொருகும் இடம் இருந்தால் அதில் கேபிளை மாட்டிப் பாருங்கள். பக்க வடிவமைப்புக்கு அது தாராளம். அந்த இடம் இல்லையென்றால் என்விடியா டிரைவரை நீக்கி, உபுண்டுவோடு வரும் நூவோ என்ற டிரைவரில் ஓட்டிப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் அந்த ஒரு கார்டை மட்டும் மாற்றுங்கள். 'வேலண்ட் சர்டிஃபிகேட் உள்ள கார்டு' என்று விலை கூட்டிச் சொன்னால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். அப்படி ஒரு சர்டிஃபிகேட்டே கிடையாது.

இன்னொன்று. உங்கள் சர்வீஸ்காரர் வீட்டிலிருந்தபடியே மெஷினைப் பார்ப்பவரா? பழைய ரிமோட் சாஃப்ட்வேர் வேலண்ட்டில் வெறும் கறுப்புத் திரையைக் காட்டும். அனுமதி கேட்டுத்தான் திரையைப் பகிர முடியும். அவருக்கு அதுதான் தொல்லையோ என்னவோ. சாஃப்ட்வேரைப் புதுப்பித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவர் செலவில்.