எண்ணூர் – பழவேற்காடு: படகை எங்கே திருப்புவது?

வணக்கம் நண்பரே. பக்கிங்காம் கால்வாயில் பழவேற்காடு போகும் வழியில் நீர்ப்பாலம் (கால்வாயை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் பாலம்) வருமா, படகை எங்கே திருப்பலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

நீர்ப்பாலம் கிடையாது. இங்கே கால்வாய் ஆற்றுக்கு மேலே ஏறிப் போவதில்லை. கொசஸ்தலை ஆற்றோடு ஒரே மட்டத்தில் கலந்துதான் கடக்கிறது. திருப்ப அந்தச் சந்திப்புதான் தோது. ஆனால் அகலத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து பல இடங்களில் ஆழமே இல்லை. ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறும்போதே திருப்பிவிடுங்கள், முகப்பு நீரோட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். வற்றும்போது தரைதட்டினால் அடுத்த ஏற்றம்வரை சேற்றில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. பழைய வரைபடங்களை நம்பிப் போக முடியாது. காட்டுக்குப்பம் மீனவர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள், அவருக்குரிய கூலியை முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் படகின் நீளம் எவ்வளவு?