கணுக்கால் துண்டை நீக்கினால் காலணி ஏன் கழல்கிறது?

ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “என்னிடம் கம்பளி நூலில் பின்னும் வீட்டுக் காலுறை பேட்டர்ன் ஒன்று இருக்கிறது. விரல் நுனியில் தொடங்கி கணுக்கால் வரை போகும். மகளுக்குப் பதின்மூன்று வயது, பாலே பழகுகிறாள். வகுப்புக்குப் போடும் சப்பாத்து மாதிரியே வீட்டில் போட ஒன்று பின்னித் தரச் சொன்னாள். கணுக்கால் பகுதியை விட்டுவிட்டு, பாதத்தோடு முடித்துவிட்டேன். போட்டு நாலு அடி நடந்ததும் குதிகாலில் கழன்று விழுகிறது. வாயும் தொளதொளவென்று விரிந்து நிற்கிறது. எங்கே பிழை?”

உங்கள் பின்னலில் பிழை இல்லை. உங்கள் பேட்டர்னில் காலைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்தது அந்தக் கணுக்கால் பகுதிதான். அதை எடுத்துவிட்டீர்கள், ஆனால் அந்த வேலையை வேறு எதற்கும் கொடுக்கவில்லை. பாலே காலணியில் அதைச் செய்வது வாயைச் சுற்றி ஓடும் விளிம்பு. ஆகவே பேட்டர்னில் மாற்ற வேண்டியவை எல்லாம் அந்த விளிம்பை நோக்கியே போகின்றன.

முதலில் நூல். பருத்தி வேண்டாம். இழுத்தால் இழுத்தபடியே நிற்கும், திரும்பிச் சுருங்காது. காலுறைக்கென்று விற்கும் கம்பளி, நைலான் கலந்த நூலை இரட்டையாகச் சேர்த்து, 3.5 மி.மீ. ஊசியில் நெருக்கமாகப் பின்னுங்கள். மாதிரித் துண்டு ஒன்று பின்னி, அதைத் துவைத்து, காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். மெஷினில் துவைக்கலாம் என்று போட்டிருக்கும் கம்பளி, தண்ணீர் பட்டதும் நெகிழ்ந்து பெரிதாகும் வழக்கம் உண்டு. துவைக்காத துண்டை நம்பிக் கணக்குப் போட்டால் முதல் சலவையோடு காலணி பெரிதாகிவிடும்.

அடுத்தது அளவு. மகளின் பாதத்தின் நீளம் 23 செ.மீ., விரல்களுக்குக் கீழே அகலமான இடத்தில் சுற்றளவு 20 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை. பாலே காலணி பாதத்தைவிடச் சிறியதாக இருந்தால்தான் ஒட்டி நிற்கும். சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 18 செ.மீ., அதாவது 40 கண்ணி. நீளத்தில் ஒன்றரை செ.மீ. குறைத்து 21.5 செ.மீ. என்று பின்னுங்கள். கையில் பிடித்துப் பார்த்தால் சின்னப் பிள்ளையின் காலணி போலத் தெரியும், பயப்படாதீர்கள்.

மேலுக்கு 8, அடிக்கு 8 என 16 கண்ணியில் தொடங்கி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் நாலு நாலாகக் கூட்டினால் 12 சுற்றில் 40 வந்துவிடும். பிறகு கூட்டாமல் பத்துச் சுற்று. இப்போது நுனியிலிருந்து ஏழு செ.மீ.க்குச் சற்று மேலே இருக்கிறீர்கள். உங்கள் பழைய பேட்டர்னில் இன்னும் கணுக்கால்வரை வட்டமாகவே போகச் சொல்லியிருக்கும். இங்கே நிறுத்துங்கள். பாலே காலணியின் வாய் விரல்களின் அடிமூட்டை மூடியதும் திறந்துகொள்ளும், அதுதான் அதன் அழகு. மேல்பக்கத்து 20 கண்ணியில் நடுவிலிருக்கும் பத்தை ஒரு தனி நூலில் கோத்து விட்டுவிட்டு, மீதி 30 கண்ணியை முன்னும் பின்னுமாகத் தட்டையாகப் பின்னத் தொடங்குங்கள். அடுத்த மூன்று நேர்வரிசைகளிலும் (வெளிப்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும் வரிசைகள்) இரு ஓரங்களிலும் ஒவ்வொரு கண்ணியைக் குறைத்தால் வாய் வளைந்து வரும், கையில் 24 கண்ணி நிற்கும். குதிகால் பக்கம் பாதம் ஒடுங்குவதால் இந்த அகலம் அடியையும் இரு பக்கங்களையும் மூடப் போதும்.

மொத்த நீளம் 21 செ.மீ. ஆனதும் குதிகால். 24ஐ எட்டு எட்டாக மூன்று பங்காகப் பாருங்கள். நடு எட்டை மட்டும் போய் வந்து பின்னி, ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கடைசிக் கண்ணியைப் பக்கத்துக் கண்ணி ஒன்றோடு சேர்த்துப் பின்னித் திரும்புங்கள். திரும்பியதும் முதல் கண்ணியைப் பின்னாமல் நகர்த்திவிடுங்கள். பதினாறு வரிசையில் பக்கத்துக் கண்ணிகள் தீர்ந்து, குதிகாலுக்கு ஐந்து செ.மீ. உயரத்தில் ஒரு கிண்ணம் எழுந்து நிற்கும். அதற்கு மேல் உயர்த்தாதீர்கள், பின்னங்கால் நரம்பில் உரசும்.

இனி விளிம்பு. இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஓரத்திலிருந்து கண்ணி எடுக்கும்போது வழக்கமாக நாலு வரிசைக்கு மூன்று எடுப்போம். இங்கே மூன்று வரிசைக்கு இரண்டு போதும். பக்கத்துக்கு ஏறத்தாழ 27, முன்னால் நிறுத்திவைத்த பத்து, குதிகாலில் எட்டு, எல்லாம் சேர்த்து 72 வரும். குறைவாக எடுப்பதால் வாய் உள்ளே சுருங்கி வளைந்து நிற்கும். மூன்று சுற்று நிட் (நேர்ப் பின்னல்), மடிப்புக்காக ஒரு சுற்று பர்ல் (மறுபக்கப் பின்னல்), மறுபடியும் மூன்று சுற்று நிட். பிறகு உள்ளே மடித்து, ஒவ்வொரு கண்ணியாகத் தளர்வாகத் தைத்துக்கொண்டே வாருங்கள், முன்பக்க நடுவில் ஒரு செ.மீ. திறந்து விடுங்கள். பாவாடைக்கு நாடா கோப்பது போல, மெல்லிய எலாஸ்டிக் கயிற்றின் முனையில் ஊக்கு மாட்டிச் சுற்றிலும் ஓட்டி, இரு முனையையும் முன்னால் வெளியே எடுங்கள். கடையில் வாங்கும் பாலே காலணியிலும் இதே இடத்தில் கயிறு வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண ‘பாலே ஃபிளாட்’ செருப்புகளின் முன்னால் இருக்கும் சின்ன ‘போ’ (பூப்போன்ற நாடா முடிச்சு) அந்த முடிச்சின் மிச்சம்தான்.

எலாஸ்டிக்குக்கு அளவு சொல்லமாட்டேன், மகளை உட்கார வைத்துக் காலில் போட்டுத்தான் முடிச்சுப் போட வேண்டும். விளிம்பு தோலோடு படிய வேண்டும், ஆனால் பத்து நிமிடம் கழித்துக் கழற்றும்போது சிவந்த தடம் இருக்கக் கூடாது. என் மகளுக்குப் பின்னிய முதல் ஜோடியில் இறுக்கிக் கட்டிவிட்டு, மேல்பாதத்தில் வட்டமாகப் பதிந்த கோட்டைப் பார்த்து அன்றிரவே அவிழ்த்தேன். விளிம்பு மட்டும் எல்லாச் சுமையையும் தாங்கினால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் மேல்பாதத்துக்குக் குறுக்கே ஒரு பட்டியும் வேண்டும்.

பட்டிக்கு, தையல் கடையில் கிடைக்கும் இரண்டு செ.மீ. அகல எலாஸ்டிக்கே நல்லது. பின்னிய பட்டி போகப் போக நீண்டுவிடும். எங்கே தைப்பது என்பதற்கு பாலே பழகுபவர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. குதிகால் பகுதியைக் காலணிக்குள்ளே முன்னோக்கி மடக்குங்கள். மடிப்பு இரு பக்கத்திலும் மூலையாக விழும் இடமே பட்டியின் இடம். குதிகால் கழல்வது நிற்காவிட்டால் இரண்டு பட்டிகளைக் குறுக்காக வைத்துத் தையுங்கள்.

மரத்தரையில் கம்பளி வழுக்கும். சின்னப் பிள்ளைகளின் காலுறையில் இருக்கும் ரப்பர் புள்ளிகளை ஒட்டலாம் என்று தோன்றும். நடன ஆசையுள்ள பிள்ளைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அவள் சமையலறையில் நின்றபடியே சுழன்று பார்ப்பாள். அப்போது பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு உடல் மட்டும் திரும்பினால், அந்தத் திருகல் முழங்காலுக்குப் போகும். மெல்லிய ஸ்வேட் தோலில், விரலடிக்கு ஒரு துண்டும் குதிகாலுக்கு ஒரு துண்டும் வெட்டி, ஓரத்தில் அரை செ.மீ.க்கு ஒரு துளை போட்டு, மெழுகு நூலால் தையுங்கள். ஸ்வேட் வழுக்கவும் விடாது, பிடித்துக்கொள்ளவும் செய்யாது. நடுப்பாதம் வெறும் பின்னலாக இருப்பதால் பாதம் வளையும்போது கூடவே வளையும்.

விரல் நுனி சீக்கிரம் தேயும். அதே நூலால் நுனியில் கண்ணிகளின் மேலேயே இன்னொரு தடவை தைத்து இழையோட்டுங்கள். 1830களில் பாரிஸில் ஆடிய பாலே நடனக் கலைஞர் மரி தாலியோனியின் சாட்டின் காலணிகளிலும் நுனியில் இப்படி நெருக்கமாக நூலோட்டித்தான் பலம் சேர்த்திருந்தார்கள். ஆனால் உங்கள் மகளை இதில் விரல் நுனியில் எழுந்து நிற்க விடாதீர்கள். அதற்கான காலணியில் நுனிப் பெட்டியைத் துணி, காகிதம், பசை என்று அடுக்கி இறுக்கிச் செய்கிறார்கள். பின்னலால் அந்தத் தாங்குதல் வராது. வகுப்புக்கும் வேண்டாம், இது வீட்டுக்கு.

பதின்மூன்று வயதுப் பாதம் வளரும். விளிம்பையும் குதிகாலையும் பிரித்து, 24 கண்ணியை ஊசியில் ஏற்றி, ஒரு செ.மீ.க்கு மூன்று வரிசை கூட்டிப் பின்னி மறுபடியும் குதிகால் திருப்பலாம். அதனால் மிச்ச நூலைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்வேட் தையலை மட்டும் முதலில் அவிழ்த்துவிட்டுத் தொடங்குங்கள்.