அப்பாவின் கணக்கு

"என் அப்பா ராணுவத்தில் இருந்துவிட்டு, பிறகு சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்ற வருடம் இறந்துவிட்டார். முதலாண்டு நினைவுக்கு எழுத உட்கார்ந்தால், சொல்லும்படி பெரிய சாதனை எதுவும் இல்லை. என்ன எழுதலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த "பெரிய சாதனை எதுவும் இல்லை" என்ற வரி என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் என் அப்பாவும் அதே இரண்டு வேலையும் பார்த்தவர்தான். அவர் இறந்தபோது அடித்த போஸ்டரில் "முன்னாள் ராணுவ வீரர்" என்று பெரிதாகவும், "ஓய்வு பெற்ற அரசு ஊழியர்" என்று கீழே பொடியாகவும் போட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சண்டையைப் பற்றித்தான் கேட்டார்கள். கிணற்றைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அப்பா 1963-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டென்ட். 71 வங்கதேசச் சண்டையின்போது கிழக்கு எல்லையில் ஃபீல்டு ஆம்புலன்ஸில், அதாவது போர்முனை மருத்துவப் பிரிவில் இருந்தார். அதற்குக் கொடுத்த பூர்வி ஸ்டார் பதக்கம் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. ஆனால் அவர் பேசியதெல்லாம் அகதி முகாம்களைப் பற்றித்தான். ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி வந்த நேரம், முகாம்களில் காலரா. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், மேற்கு வங்காள எல்லையில் இருக்கிற போங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே வந்தது. இதை அப்பா எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. "குண்டு பட்டவனைவிட பேதியில போனவங்களைத்தாம்மா நான் அதிகம் பார்த்தேன்" என்பார்.

78-ல் வெளியே வந்து, காந்திகிராமத்தில் படித்து, ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆனார். பள்ளிக்கூடத்தில் என்னை "சாக்கடை இன்ஸ்பெக்டர் மகள்" என்று கூப்பிட்ட பிள்ளைகள் உண்டு. சொந்தக்காரர்களே "கொசு மருந்து அடிக்கிறவர்" என்றுதான் சொல்வார்கள்.

சரி, நான் சொல்ல வந்தது ஒரு ராத்திரியைப் பற்றி. 1993, கோடை. அதற்கு முந்தின வருடக் கடைசியில்தான் சென்னையில் புது வகைக் காலரா கிளம்பியிருந்தது. ஓ139 என்று பெயர் வைத்தார்கள். அதனால் துறையில் எல்லாருக்கும் ஒரே பதற்றம். அப்பாவின் எல்லைக்குள் ஒரு கிராமத்தில் (ஊர்ப் பெயர் வேண்டாம்) திருவிழா முடிந்த மூன்றாம் நாள் வாந்தி பேதி. வீட்டில் அம்மா இல்லை, தாத்தாவைப் பார்க்கப் போயிருந்தார். என்னைத் தனியாக விட முடியாமல் டிவிஎஸ் 50-ல் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். நான் எட்டாம் வகுப்பு. மடியில் ஹாராக்ஸ் பெட்டி.

அந்தப் பெட்டியை யாருக்கும் தெரியாது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஹாராக்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவ அதிகாரி, சிப்பாய்கள் குடிக்கிற தண்ணீருக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்று பார்க்கச் செய்தது. ஆறு வெள்ளைக் கோப்பை, ஒரு கறுப்புக் கோப்பை. கறுப்பில் ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடரைக் குழைத்துக் கரைப்பார். வெள்ளைக் கோப்பைகளில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, முதல் கோப்பைக்கு ஒரு சொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு, இப்படி ஆறு வரைக்கும் விடுவார். கலக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றித் துவைகல்லில் வைத்தார். ஊரே சுற்றி நின்று "சீக்கிரம் போடுங்க சார்" என்கிறது. அவர் அசையவில்லை. அரை மணி ஆனதும் ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு சோதனை மருந்து விட்டார். கிருமியைக் கொன்றது போகக் குளோரின் மிச்சம் இருந்தால் நீலமாகும். நான் டார்ச் பிடித்தேன். முதல் இரண்டும் அப்படியே இருந்தன. மூன்றாவது நீலமானது. பெட்டியின் கணக்குப்படி, மூன்றாவது கோப்பை என்றால் 455 லிட்டருக்கு மூன்று கரண்டி பவுடர், அதாவது 6 கிராம்.

கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்த்தார். விட்டம் 3 மீட்டர், தண்ணீர் 4 மீட்டர். "நீ போடு கணக்கை" என்றார். நான் விட்டத்தையே ஆரமாக வைத்துப் போட்டேன். ஒன்றரைக் கிலோ வந்தது. அப்பா நோட்டைப் பார்த்தார், திட்டவில்லை. "இவ்வளவு போட்டா நாத்தத்துல ஒருத்தரும் இந்தத் தண்ணியைத் தொட மாட்டாங்க. வாய்க்காலுக்குப் போவாங்க. அப்ப அவங்களுக்குக் காலரா கொடுத்தது நாமதான்" என்றார். திரும்பப் போட்டேன். 28,260 லிட்டர், 373 கிராம். நாலு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் கிணற்றில் இறக்கி, வாளியை மேலும் கீழுமாக ஆட்டினார். விடியற்காலை முதல் குடம் இறங்குவதற்குள் வேலை முடிந்திருந்தது.

ஒரு கிணற்றால் ஊரே பிழைத்தது என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் நர்சுகளும் ஆரம்ப சுகாதார நிலையத் திண்ணையில் விடிய விடிய டிரிப்ஸ் ஏற்றினார்கள். அவர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். அப்பா என்பதால் பெருமை பேசுகிறாள் என்றால், ஆமாம், பேசுகிறேன்தான். வராமல் போன நோய்க்கு யாரும் நன்றி சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா இருந்தால், பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது கொடுத்த அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் அம்மா பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். என் அம்மாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அதற்காக 76 வயதுப் பெண்மணியை ஒரு வங்கிக் கிளையில் ஒன்பது மாதம் அலையவிட்டார்கள். பட்டாளத்துக்கு ஒன்று, அரசு வேலைக்கு ஒன்று என்று இரண்டு குடும்ப ஓய்வூதியமும் வாங்கலாம், 2012 செப்டம்பரிலிருந்தே இருக்கிற வசதி. கவுண்டரில் இருந்தவருக்கு அது தெரியவில்லை. "ரெண்டு பென்ஷனா?" என்று அம்மாவைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பதவி, பாராட்டுப் பத்திரம் எல்லாம் தேடாதீர்கள். அப்பாவின் பழைய டைரிகளைத் தேடுங்கள். ஹெல்த் இன்ஸ்பெக்டர் என்றால் தினமும் எழுதியே ஆக வேண்டும், உங்கள் அப்பாவும் எழுதியிருப்பார். அவரோடு வேலை பார்த்தவர்கள் யார் இருக்கிறார்களோ அவர்களைப் போய்ப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். என் அப்பாவின் டைரிகள் பரண்மேல் பதினொன்று கிடைத்தன. நாளுக்கு இரண்டு வரிதான். ஊர், எத்தனை கிணறு, எத்தனை கிராம். அந்த ராத்திரியையும் தேடிப் பிடித்துவிட்டேன். நீல மை. "விட்டம் 3, நீர் 4. மூன்றாம் கோப்பை. 373 கிராம், 4 வாளி. கணக்கு: மகள்."