டிவியில் வானிலை சொல்ல வானிலை அறிவியல் படித்திருக்க வேண்டுமா?

எந்த ஊர் டிவி என்பதைப் பொறுத்தது. நம்மூர் சேனல்களில் பெரும்பாலும் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைச் செய்தி வாசிப்பாளரே படித்துவிடுவார்; தெளிவான உச்சரிப்பு இருந்தால் சமாளித்துவிடலாம். மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமான ரமணன்கூட சேனல் ஊழியர் இல்லை, 2016-ல் ஓய்வுபெற்ற மத்திய அரசு வானிலை அதிகாரி.

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே இது தனித் தொழில். அமெரிக்க வானிலைச் சங்கம் 2005 முதல் தரும் ஒளிபரப்பு வானிலையாளர் சான்றிதழுக்குப் பட்டமும் வேண்டும், தேர்வும் எழுத வேண்டும்.

படித்துவிட்டால் மட்டும் போதாது. முதுகுக்குப் பின்னால் வெறும் பச்சைத் திரைதான்; பச்சை தெரியும் இடத்தில் எல்லாம் கணினிதான் வரைபடத்தைப் பொருத்தும். பக்கத்து மானிட்டரில் தன்னையே பார்த்துக்கொண்டு, அங்கே இல்லாத வரைபடத்தில் புயலைச் சரியாகத் தொட்டுக் காட்ட வேண்டும். பச்சைச் சட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள், நெஞ்சிலேயே மேகம் ஓடும்!