கேரவனுக்கு எந்த சிலிண்டர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு நானும் மனைவியும் பழைய கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறோம். கேஸ் சிலிண்டர் கொடுக்கும் இடத்தில் எந்த வகை கேஸ், பியூட்டேனா புரொப்பேனா, சின்னதா பெரியதா என்று கேட்கிறார்கள். எதை வாங்கினால் செலவு குறையும்? குளிர்காலத்திலும் வெளியே போக ஆசை.

பதில்: குளிர்காலத்திலும் போவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது. புரொப்பேன் வாங்குங்கள்.

சிலிண்டருக்குள் கேஸ் திரவமாகத்தான் இருக்கிறது. அது ஆவியானால்தான் அடுப்புக்கு வரும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேன் கொதிப்பது பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே. அதாவது வெளியே தண்ணீர் உறையும் குளிர் வந்துவிட்டால் பியூட்டேன் சிலிண்டர் நிறைய இருந்தும் பயனில்லை. கேரவன்களில் கேஸ் இணைப்பு வேலை பார்த்த காலத்தில் இந்த அழைப்பு எனக்கு அடிக்கடி வரும்: "நேற்றுத்தான் மாற்றினோம், காலையில் அடுப்பு எரியவில்லை, ஏமாற்றிவிட்டார்கள்." போய்த் தூக்கிப் பார்த்தால் சிலிண்டர் கனக்கும். லேசாக அசைத்தால் உள்ளே திரவம் சலசலக்கும். யாரும் ஏமாற்றவில்லை, இரவுக் குளிர்தான் காரணம்.

உறைபனி வரும்வரைகூடப் பொறுக்க வேண்டியதில்லை. திரவம் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் ஹீட்டரும் அடுப்பும் சேர்ந்து எரிந்தால் சிலிண்டர் தானே இன்னும் குளிர்ந்துபோகும். வெளியே 5 டிகிரி இருந்தாலும் பியூட்டேன் சோர்ந்துவிடும். அப்போது சிலிண்டரைச் சூடுபடுத்தலாமே என்று ஹீட்டரையோ நெருப்பையோ பக்கத்தில் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து எந்தச் சூழ்நிலையிலும் அதைச் செய்யாதீர்கள்.

இரண்டும் கலந்த சிலிண்டர் கிடைக்கும் இடங்களும் உண்டு. அதில் புரொப்பேன் முதலில் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், அடியில் பியூட்டேன் மிஞ்சும். கோடையில் தெரியாது. குளிரில் கடைசிப் பங்கு வெளியே வராமல் அப்படியே தங்கிவிடும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேஸ் சிலிண்டரோடு திரும்பிப் போகும்.

சரி, செலவுக்கு வருவோம். கிலோவுக்குக் கிலோ இரண்டும் தரும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 13 கிலோவாட் மணி. ஆனால் பியூட்டேன் அடர்த்தி கூடியது. 7 கிலோ பியூட்டேன் கொள்ளும் அளவுள்ள சிலிண்டரில் புரொப்பேன் 6 கிலோதான் கொள்ளும். ஆகவே சிலிண்டர் விலையை சிலிண்டர் விலையோடு ஒப்பிடாதீர்கள். விலையை உள்ளே இருக்கும் கிலோவால் வகுத்து, அந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடையில் மட்டும் போகிறவருக்கு அப்படிப் பார்த்தால் பியூட்டேன் லாபமாக இருக்கலாம், தாராளமாக வாங்கட்டும். உங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, எரியாத கேஸ் எந்த விலையிலும் நஷ்டம்.

அளவைப் பொறுத்தவரை, சின்ன சிலிண்டரில் கிலோ விலை பெரும்பாலும் கூடுதலாகவே வரும். நிரப்புவது, ஏற்றி இறக்குவது, சோதிப்பது எல்லாம் சின்னதுக்கும் பெரியதுக்கும் ஒரே வேலை அல்லவா? ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் குட்டிக் குப்பிகள் எல்லாவற்றையும்விட விலை கூடியவை. அதற்காகப் பெரியதையே வாங்கிவிடாதீர்கள். இரும்பு சிலிண்டரின் வெற்று எடையே உள்ளிருக்கும் கேஸின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம். அது கேரவனின் மூக்குப் பக்கப் பெட்டியில் உட்கார்ந்து, காரின் கொக்கிமேல் அந்தப் பாரத்தில் பெரும்பகுதியை இறக்கும். உங்கள் இருவருக்கும் நடுத்தர அளவில் இரண்டு போதும். ஒன்று எரியும்போது மற்றொன்று காத்திருக்கட்டும். நள்ளிரவில் ஹீட்டர் அணைந்தால் மாற்ற ஒன்று இருக்கிறது என்ற நிம்மதி பெரிது.

இன்னொன்று, பெரும்பாலும் சிலிண்டர் உங்களுடையது ஆவதில்லை, நிறுவனத்துடையதுதான். முதலில் கட்டும் முன்பணத்தையும் செலவுக் கணக்கில் சேருங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது ஆண்டு கூடக்கூடத் தொகையைக் குறைத்துத் தரும் நிறுவனங்களும் உண்டு. ஒரு நாட்டில் வாங்கியதை இன்னொரு நாட்டில் மாற்றித் தருவார்கள் என்றும் நம்பிவிடாதீர்கள். வால்வு வாயே வேறாக இருக்கும்.

அப்புறம் ரெகுலேட்டர். பழைய கேரவன் என்கிறீர்கள், அதனால் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். ஐரோப்பியத் தயாரிப்பு என்றால், பழையவை பலவற்றில் ரெகுலேட்டர் சிலிண்டர் தலையிலேயே இருக்கும்: பியூட்டேனுக்கு 28 மில்லிபார் (அழுத்தத்தின் அளவு), புரொப்பேனுக்கு 37. புதியவற்றில் இரண்டுக்கும் பொதுவாக 30 மில்லிபார் ரெகுலேட்டரைச் சுவரில் பொருத்தியிருப்பார்கள். சுவரில் இருந்தால் சிலிண்டரிலிருந்து அதுவரை போகும் குழாயில் முழு அழுத்தமும் ஓடுகிறது என்று பொருள். சாதாரண ரப்பர் குழாயை அங்கே மாட்டவே கூடாது, உயர் அழுத்தக் குழாய்தான். ரெகுலேட்டர் சிலிண்டர் வாய்க்கு மேலே இருக்க வேண்டும், குழாய் சிலிண்டரை நோக்கிச் சரிந்து இறங்க வேண்டும். அப்போதுதான் குழாயில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு ரெகுலேட்டருக்குள் போய் அடைக்காமல் சிலிண்டருக்கே திரும்பும்.

கேள்வி: கேஸ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுத்தமானி காட்டும் முள் அசையவே இல்லை.

பதில்: அசையாது. உள்ளே ஒரு கரண்டி திரவம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தே நிற்கும். முள் இறங்கும்போது கேஸ் முடிந்திருக்கும். எடை போடுவதுதான் நம்பகமான வழி. வெற்று எடையைச் சிலிண்டர் கழுத்தில் பொறித்திருப்பார்கள், அதைக் கழித்துவிடுங்கள். தராசு இல்லாத இடத்தில் இரும்பு சிலிண்டரின் பக்கவாட்டில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, மேலிருந்து கீழாக உள்ளங்கையைத் தடவிக்கொண்டே வாருங்கள். திரவம் தொடங்கும் இடத்தில் சட்டென்று ஜில்லென்று இருக்கும். கண்ணாடி இழைச் சிலிண்டர் என்றால் வெளிச்சத்தில் பிடித்தாலே மட்டம் தெரியும்.

கேள்வி: அடுப்பை அதிகம் பயன்படுத்துவதே இல்லை. ஆனாலும் கேஸ் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

பதில்: முதலில் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், கசிவு இருந்தால் குமிழ் விடும். கசிவு இல்லையென்றால் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜைச் சந்தேகப்படுங்கள். சத்தமே இல்லாமல் இரவும் பகலும் எரிந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 300 கிராம் தின்றுவிடும், ஒரு வாரத்துக்கு இரண்டு கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைக்க 15 கிராம் போதும், அடுப்பை மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஹீட்டர் இன்னும் பெரிய செலவாளி. 3 கிலோவாட்டில் எரிந்தால் மணிக்குக் கால் கிலோ போய்விடும். தங்கும் இடத்தின் கட்டணத்தில் மின்சாரமும் சேர்ந்திருந்தால் இந்த இரண்டையும் மின்சாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வாகனங்களுக்கு கேஸ் நிரப்பும் பம்பில் விலை மிகவும் குறைவு. என் சிலிண்டரை அங்கே நிரப்பிக்கொள்ளலாமா?

பதில்: கடையில் மாற்றி வாங்கும் சிலிண்டரை நிரப்பக் கூடாது. திரவ கேஸ் சூட்டில் தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும். அதற்காகத்தான் 80 சதவீதத்தோடு நிறுத்துகிறார்கள். உங்கள் சிலிண்டரில் தானாக நிற்கும் வால்வு கிடையாது, நிரம்பி வழிந்தால் வெயிலில் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. தானே நிற்கும் வால்வோடு, நிரப்புவதற்கென்றே செய்த சிலிண்டர் தனியாக விற்கிறார்கள். முதல் செலவு அதிகம். குளிர்காலம் முழுவதும் கேஸ் ஹீட்டரோடு இருப்பவருக்கு அது திரும்பி வரும், கோடையில் ஓரிரு வாரம் போகிறவருக்கு வராது. பம்பில் லிட்டர் கணக்கு என்பதை மறக்காதீர்கள். ஒரு லிட்டர் புரொப்பேன் அரை கிலோதான்.

கேள்வி: தரையில் உள்ள ஓட்டைகள் வழியாகக் குளிர்காற்று வந்து ஹீட்டர் செலவு கூடுகிறது. அடைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், வேண்டவே வேண்டாம். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், வெளியேற அந்த ஓட்டைகள்தான் வழி. மேலேயுள்ள காற்றுத் துவாரங்களை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே கிடையாது. படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். காற்று வரும் பக்கம் கால் படாதபடி தடுப்பு ஒன்றை ஓட்டையிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளலாம், ஓட்டை திறந்தே இருக்கட்டும்.